இணைய முகவரி ரிப்பேரும் என் பொறாமையும்

இணையதள முகவரிகளைப் பழுது பார்க்கிற தொழிலில் ஒரு பெரிய சங்கடம், வேலையை முடித்த பிறகு காட்டுவதற்கு ஒன்றுமே இருக்காது. பெயின்ட் அடித்தவர் சுவரைக் காட்டலாம், தையல்காரர் சட்டையைக் காட்டலாம். நான் போய், "சார், இந்தப் பக்கம் இப்போ திறக்குது" என்று காட்டினால், "திறக்கத்தானே வேணும்?" என்பார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். முதலாளி ஜான் சார், டிசைனர் சுரேந்தர், நான், அவ்வளவுதான். அக்கம்பக்கத்து லாட்ஜுகளுக்கும் ஒரகடத்துக் கம்பெனிகளுக்கும் இணையதளம் செய்து தருகிறோம். பக்கங்களுக்கு நிறம், படம், அழகு எல்லாம் சுரேந்தர் பொறுப்பு. திறக்காத பக்கத்தைத் திறக்க வைப்பதும், முகவரியில் தானாக ஒட்டிக்கொள்ளும் வேண்டாத எழுத்துகளைக் கழற்றுவதும் என் பொறுப்பு. பாராட்டு யார் மேஜைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ஆபீசிலும் ஒரு சுரேந்தர் இருப்பான். என்னைவிட ஐந்து வயது சின்னவன், வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடுவான், கோபித்துக்கொள்ளக்கூட இடம் கொடுக்க மாட்டான்.

ஒட்டிக்கொண்ட ‘என்’

ஒரு லாட்ஜ்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே மாடி ஏறி வந்தார். விசிட்டிங் கார்டில் அச்சடித்த முகவரி ஒன்று, போனில் திறந்தால் வருகிற முகவரி வேறு. லாட்ஜ் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்வுக்கோடு, அதற்குப் பின்னால் en என்று இரண்டு எழுத்து. ‘இது ஆங்கிலப் பக்கம்’ என்று சொல்வதற்காக மென்பொருள் தானாகப் போட்டுக்கொள்ளும் அடையாளம் அது. இரண்டு மூன்று மொழியில் பக்கம் இருந்தால் உதவும். ஒரே மொழியில் நடக்கிற லாட்ஜுக்கு அது எதற்கு?

நான் அதை எடுத்துவிட்டு, பழைய முகவரியைத் தட்டுகிறவர்களும் புதியதற்கே வந்து சேரும்படி திருப்பிவிட்டேன். ஒரு மதியம் முழுக்க அதிலேயே போனது. அவர் திரையை உற்றுப் பார்த்தார். முதலில், பேனரில் சுரேந்தர் போட்டிருந்த கோபுரப் படத்தைப் பற்றி ஐந்து நிமிடம் புகழ்ந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"‘என்’னு போட்டு இருந்துச்சே, அதை எடுத்தது நல்லதும்மா. லாட்ஜு என்னோடதுன்னு ஊருக்கே தெரியும். அதை வேற எதுக்கு எழுதிக் காட்டிக்கினு!"

பஞ்சர் ஆட்டோ

படப்பையில் ஒரு டிரைவிங் ஸ்கூல். அவர்கள் தளத்தில் பாதி இணைப்புகள் செத்துக் கிடந்தன. எதைத் தொட்டாலும் ‘பக்கம் காணப்படவில்லை’. அப்படி வரும்போது வெறும் எழுத்தாக இருக்க வேண்டாமே என்று சுரேந்தர் ஒரு படம் வரைந்து போட்டிருந்தான். நடுரோட்டில் பஞ்சராகி நிற்கிற ஷேர் ஆட்டோ, அதற்குள் பிதுங்கிக்கொண்டு ஒன்பது தலைகள், டிரைவர் மட்டும் எதுவும் நடக்காதது போலத் தலை சீவிக்கொண்டிருக்கிறார். நல்ல படம்தான். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்ட படமாக இருந்திருந்தால் எனக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இறங்கியிருக்கும்.

நான் ஒரு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகச் சரிசெய்தேன். கட்டண விவரம், லைசென்ஸ் படிவம், வகுப்பு நேரம் எல்லாம் திறந்தன. ஒரு பக்கம்கூடத் தவறவில்லை. பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து உரிமையாளரின் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன். சுரேந்தரும் கேட்கட்டும் என்றுதான்.

"மேடம், இன்னா பண்ணீங்க? எங்க தட்டினாலும் அந்த ஆட்டோ வர மாட்டேங்குது. பசங்க அதைப் பாத்து சிரிக்கத்தான் உள்ள வந்துகினு இருந்தாங்க, நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்களே!"

மேடைக்குக் கீழே

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குப் புதிய இணையதளம் செய்தோம். தொடக்க விழா என்று கேன்டீனிலேயே சின்ன மேடை போட்டு, எம்.டி. கையால் பட்டனை அழுத்த ஏற்பாடு. பழைய தளத்திலிருந்து புதியதற்கு ஒவ்வொரு முகவரியையும் கோத்துவிட்டது நான். விழா நடக்கும்போது ஏதாவது அறுந்தால் பிடிக்க வேண்டுமே என்று மேடைக்குப் பக்கத்தில், தட்டுக் கழுவும் இடத்தருகே, லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். எதுவும் அறுந்துபோகவில்லை. அதனால் யாரும் என் பக்கம் திரும்பவும் இல்லை.

சுரேந்தருக்குச் சால்வை போட்டார்கள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், நாலு தட்டு. அவனை ஒன்றும் குறை சொல்ல முடியாது. இறங்கி வந்ததும் எம்.டி.யை என்னிடம் அழைத்து வந்து, "சார், இவங்க அமுதா அக்கா. லிங்க் எல்லாம் இவங்கதான் பாத்துக்கிறாங்க" என்று அறிமுகம் செய்தான். எம்.டி. உண்மையான ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்.

"அப்படியா? லிங்க் பாக்கறதுக்குன்னு தனியா ஒரு ஆளே வச்சிருக்கீங்களா?"

நான் சொல்லாமல் விட்டது

இனி வருவது சிரிப்பதற்கில்லை.

அந்தக் கம்பெனி ஆள் எடுக்கத் தொடங்கியது. ஒரகடம் கூட்டுரோட்டில் பெரிய பேனர் வைத்தார்கள். கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு, போனைக் காட்டினால் விண்ணப்பப் பக்கம் வரும். பேனரும் சுரேந்தர் வரைந்ததுதான். சனிக்கிழமை சாயங்காலம் படப்பைக்கு ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போது, சும்மா என் போனைக் காட்டிப் பார்த்தேன். ‘பக்கம் காணப்படவில்லை.’

நான் போனில் எல்லாவற்றையும் தமிழில் வைத்திருப்பவள். நின்ற இடத்திலேயே காரணம் புரிந்துவிட்டது. சுரேந்தர் ஒரு புது வசதியைப் போட்டிருந்தான். வருகிறவரின் போன் எந்த மொழியில் இருக்கிறதோ, அந்த மொழியின் இரண்டு எழுத்தை முகவரியோடு தளமே சேர்த்துக்கொள்ளும். தமிழ் போன் என்றால் தமிழ்ப் பக்கத்துக்கு அனுப்பும். ஆனால் தமிழ்ப் பக்கத்தை யாரும் எழுதவே இல்லை. ஆங்கிலத்தில் போன் வைத்திருக்கிற ஆபீஸ்காரர்கள் எல்லோருக்கும் பக்கம் பளிச்சென்று திறக்கும். மற்றவர்களுக்குச் சுவர்.

பத்து நிமிட வேலை. அவனுக்கு ஒரு போன் போட்டிருந்தால்கூடப் போதும். நான் போடவில்லை. எம்.டி. தன் வாயாலேயே, "என்னய்யா சுரேந்தர், பக்கமே வரல?" என்று கேட்கட்டும் என்று ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போதெல்லாம் அந்தக் காட்சியை நினைத்துச் சுகமாக இருந்தேன். அப்படி ஒரு சுகத்தை நீங்களும் ஒரு நாளாவது அனுபவித்திருந்தால், தயவுசெய்து என்னைத் திட்டாதீர்கள்.

திங்கட்கிழமை காலையில் சுரேந்தர் என் மேஜைக்கு வந்தான். "கூட்டுரோட்டுல பேனரைப் பாத்தீங்களாக்கா? எப்படி இருக்கு?" என்றான். பேனரைத்தானே கேட்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, "நல்லா இருக்கு" என்றேன். அவன் முகம் மலர்ந்துபோனது.

"நீங்க சொன்னா சரிக்கா. மத்தவங்க சும்மா சொல்லுவாங்க, நீங்க சொல்ல மாட்டீங்க."

மாடி ஏறி வந்தவள்

புதன்கிழமை மதியம், கழுத்தில் பழைய கம்பெனியின் அடையாள அட்டையோடு ஒரு பெண் வந்தாள். பெயர் செல்வி, குன்றத்தூர்க்காரி. ஒப்பந்தம் முடிந்து வேலை போய் இரண்டு மாதம் ஆகிறதாம். திறக்காத பக்கத்தின் அடியில் எங்கள் அலுவலகத்தின் பெயர் இருந்திருக்கிறது, அதை வைத்து விசாரித்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். விண்ணப்பிக்க அன்று சாயங்காலம் ஐந்து மணிதான் கடைசி.

"ஞாயித்துக்கெழமைலருந்து தட்டிக்கினே கீறேன்க்கா. எங்க பழைய கம்பெனி பஸ்ல என்னையும் சேத்து எட்டு பேரு, எல்லாருக்கும் இதேதான். ஒரகடத்துல இந்தக் கம்பெனி கேட்டாண்ட போய்க் கேட்டா, எங்களுக்குத் தொறக்குதேம்மா, உன் போன் சரியில்லன்றாங்க" என்றாள். புதுப் போன் வாங்கலாமா என்றுகூட வீட்டில் பேசியிருக்கிறார்கள். எட்டு பேரில் மூன்று பேர் மனம் விட்டுப்போய் முயற்சியையே நிறுத்திவிட்டார்களாம்.

"உட்காரும்மா, பத்து நிமிஷம்" என்று மட்டும் சொன்னேன். அவள் உட்காரவில்லை. என் கணினித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சூபர்வைசருங்க போன்ல தொறக்குது, எங்க போன்ல தொறக்கல. எங்கள வேணான்னு சொல்றதுக்குத்தானேக்கா இப்படிப் பண்ணி வச்சிருக்காங்க?"

பத்து நிமிடம்

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தமிழோ இந்தியோ, பக்கம் எழுதப்படாத மொழியில் யார் வந்தாலும் இருக்கிற பக்கத்துக்கே போய்ச் சேரும்படி திருப்பிவிட்டேன். செல்வி என் நாற்காலியில் உட்கார்ந்து தன் போனிலேயே விண்ணப்பித்தாள். மற்ற ஏழு பேருக்கும் அங்கிருந்தே செய்தி அனுப்பினாள். அவர்களில் நாலு பேர் அன்று வேறு கம்பெனிகளில் தினக்கூலிக்கு ஷிப்டில் இருந்தார்கள். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஐந்து மணிக்குள் எடுத்துப் பார்க்க வழியில்லை.

அவளைப் படி வரை போய் வழியனுப்பிவிட்டு ஜான் சாரிடம் போனேன். சுரேந்தரும் அங்கேதான் இருந்தான். "சனிக்கிழமையே பாத்துட்டேன் சார். தெரிஞ்சேதான் சொல்லல" என்றேன். ஜான் சார் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எம்.டி.க்குப் போன் செய்தார். தவறு எங்களுடையது என்று சொல்லி, சனிக்கிழமை வரை கடைசி நாளை நீட்டிக்கக் கேட்டுக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டார்.

சுரேந்தர் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் டீ குடிக்க இறங்கும்போது படியில் வழிமறித்து, "என் மேல கோவமாக்கா?" என்றான். "கோவம் இல்ல. பொறாமை" என்றேன். அந்த வார்த்தையை உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினான்.

"அப்போ எங்கிட்ட சண்டை போட்டிருக்கலாமேக்கா. நமக்கு நடுவுல அந்தப் பொண்ணுங்களை எதுக்கு நிறுத்தி வச்சீங்க?"

வேலை கிடைத்த செய்தி

மூன்று வாரம் கழித்துச் செல்வி போன் செய்தாள். அவளுக்கும் அந்த எட்டுப் பேரில் இன்னும் நாலு பேருக்கும் வேலை கிடைத்துவிட்டது. முயற்சியை நிறுத்திய மூன்று பேரில் ஒருத்தி மட்டும் கடைசி வரை விண்ணப்பிக்கவே இல்லையாம், ஏற்கெனவே வேறு எங்கோ துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள். துணிக்கடையில் நிற்கிற அந்தப் பெண்ணுக்கு என் பெயர் தெரியாது, நான் என்ன செய்தேன் என்பதும் தெரியாது.

செல்வி சந்தோஷமாகப் பேசிக்கொண்டே போனாள். கம்பெனி பஸ் வீட்டுப் பக்கமே வருகிறதாம், கேன்டீன் சாப்பாடு பரவாயில்லையாம். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன்க்கா, அந்தப் பக்கம் தொறந்ததும் ஒரு நீலக் கலர் வந்துச்சே, அவ்ளோ அழகா கீது, அதை யாருக்கா பண்ணது?"

சுரேந்தர் என்று உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அவன் பெயரைச் சொல்லி முடிக்க நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் எந்தப் பக்கமும் இரண்டு தடவை திறந்து மூடியிருக்கும்.