என் மகன் எத்தனை மடியில் உட்கார்ந்தான்?

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள்.

இன்று செம்பூர் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு கர்ப்பிணி என் மகனைப் பார்த்து, "அரே, நம்ம ராசிக்குட்டி!" என்றாள். "ஆறு வருஷமா குழந்தை இல்ல. உங்க மாமியார் இவன என் மடியில வெச்சாங்க, அடுத்த மாசமே நாள் தள்ளிப்போச்சு!"

நான் ஆபீஸ் விட்டு வரும்போதெல்லாம் இவன் கன்னத்தில் சந்தனம் இருக்கும். கேட்டால் "கோயிலுக்குப் போனோம்" என்பார் அத்தை.

இன்று நேராகவே கேட்டேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது, திலக் நகரில் யார் வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆள். கொஞ்சமும் அசரவில்லை.

"நாலு பேருக்கு உதவட்டுமேம்மா. உன் புருஷனையும் இப்படித்தான் பில்டிங் பில்டிங்கா தூக்கிட்டுப் போனேன்."

நாளை சுனாபட்டியில் ஒரு வீடாம். அங்கே யாருக்கு இருமலோ, காய்ச்சலோ! கோயில் என்றவர் இன்னும் எதையெல்லாம் மறைக்கிறாரோ!

நீங்களாக இருந்தால் அனுப்புவீர்களா? காலைக்குள் பதில் போடுங்கள்.