காரின் தரையில் ஐந்து மாதம்

தலைப்பிரசவத்துக்கு மனைவி திருநெல்வேலிக்குப் போனதும் அஸ்தினாபுரம் வீடு எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஆபீஸ் விட்டு வந்து பூட்டைத் திறக்கவே மனசு வராது. எண்பதுகளின் கடைசி அது. அந்த நேரம் பார்த்துத் தெரிந்தவர் ஒருவர், ஓடாமல் கிடந்த பழைய காரை என் தலையில் கட்டினார். தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து குழந்தையைச் சொந்தக் காரில்தான் வீட்டுக்குக் கூட்டிவருவேன் என்று அவளுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். எழுதியபிறகு பின்வாங்க முடியுமா?

எஞ்சின் சுலபமாகச் சரியாகிவிட்டது. தரைதான் வம்பு. கால் வைக்கிற ரப்பர் விரிப்பைத் தூக்கினால் துரு அரித்த ஓட்டை வழியே ரோடு தெரிந்தது. பம்மலில், வண்டிகளுக்குத் தகர வேலை பார்க்கிற ஒரு டிங்கரின் ஷெட்டில் விட்டேன். பெரிய ஓட்டைகளுக்கு அவர் தகரம் வெட்டிவைத்து கேஸ் வெல்டிங் அடித்தார். பொடி ஓட்டைகளைக் கண்டுபிடிக்க, ஷெட்டை இருட்டாக்கி வண்டிக்கு அடியில் பல்பு போட்டு, உள்ளே வெளிச்சம் தெரிகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னார். ஞாயிறு தவறாமல் போனேன். பெண் பிறந்தபோது ஓடிப்போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்ததோடு சரி. மடியில் கிடத்திய அந்தக் கனத்தை நினைத்துக்கொண்டே துருவைச் சுரண்டினேன். அவர்களுக்காகத்தானே செய்கிறோம் என்று ஒரு நிறைவு.

ஒரு ஞாயிறு டிங்கர் குன்றத்தூர் கோயிலுக்குப் போய்விட்டார். நான்தான் எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவன் ஆயிற்றே. வட்டம் போட்டதோடு நிற்காமல், எல்லாவற்றிலும் துண்டுத் தகரம் வைத்துப் பட்டி பூசி, மேலே தாரும் காய்ச்சி ஊற்றினேன். ஓரங்களில் வடிவாக நாலு வட்ட ஓட்டைகள் இருந்தன. அவற்றையும் விட்டுவைக்கவில்லை.

பெண்ணுக்கு ஐந்து மாதம் முடிந்து அவர்கள் வருகிற அன்று விடிய விடிய மழை. காலையில் கதவைத் திறந்தால் காருக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். முன்கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கிய மழை, வெளியே போக வழியில்லாமல் நின்றிருந்தது. "அது தண்ணி எறங்கிப் போறதுக்கு வுட்ட ஓட்டை சார், அத்தப் போயி அடைச்சிட்டியே" என்று டிங்கர் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும். குளியலறை மக்கால் மொண்டு கொட்டி, கிடைத்த துணியிலெல்லாம் துடைத்து ஸ்டேஷனுக்கு ஓட்டினேன்.

அவள் பிள்ளையை மடியில் வைத்து, ஈரத்தில் படாமல் காலைத் தூக்கி சீட்டில் மடக்கிக்கொண்டாள். குரோம்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. காத்திருந்த நேரத்தில், ஒரு ஞாயிறு விடாமல் நான் பட்ட பாட்டையெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டுப் பெண்ணிடம் கையை நீட்டினேன். அது என்னை ஒரு தரம் பார்த்தது. உடனே அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டது.

முதுகைத் தட்டிக்கொடுத்தபடி அவள் சொன்னாள். "ஒரு ஞாயித்துக்கிழமையாவது எங்கள வந்து பாத்திருக்கலாம்லா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். ராத்திரி ரயில் ஏறினால் விடிந்தால் திருநெல்வேலி. அது அந்த ஐந்து மாதமும் எனக்குத் தோன்றவே இல்லை.

கார் கைமாறிப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. மகள் இப்போது என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். ஆனால் மூன்று மாதத்தில் அவள் முகம் எப்படி இருந்தது, முதன்முதலில் எப்படிக் குப்புற விழுந்தாள் என்று யாராவது பேச்செடுத்தால், நான் அவள் அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.