எங்கள் ஓம்

எங்கள் பக்கமிருந்து கொடிகாமம் வழியாகப் பளைக்கு ஓடுகிற பஸ் இனி மாவட்ட எல்லையோடு திரும்பிவிடுமாம். அங்கே இறங்கி அடுத்த மாவட்டத்து பஸ்ஸில் ஏற வேண்டுமாம். அதைப் பற்றிக் கதைக்க இரண்டு மாவட்டத்து ஆட்களையும் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். பயணிகள் சார்பில் என்னையும் போட்டார்கள்.

நான் பளையில் படிப்பிக்கிறேன். இடது முழங்காலுக்குக் கீழே எனக்குச் செயற்கைக்கால். காலையில் ஒரு பஸ்ஸில் ஏறுவதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிடும். வெட்டவெளியில் இறங்கி இன்னொரு நெரிசலில் தொங்கச் சொன்னால் வேலையை விடவேண்டியதுதான். விடுகிற எண்ணம் எனக்கு இல்லை.

முதல் கூட்டத்தில் கொழும்பிலிருந்து வந்த தலைவர் திட்டத்தை விளக்கினார். தமிழர்தான். அவர் ஒவ்வொரு வசனமாகச் சொல்ல, நாங்கள் "ஓம்... ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்போம்; ஒருவர் கதைக்கும்போதும் ஓம் போடாமல் இருப்பது மரியாதையில்லை. கேட்கிறோம், மேலே சொல்லுங்கோ, அவ்வளவுதான் அந்த ஓமுக்கு அர்த்தம்.

இரண்டாம் கூட்டத்தில் எடுத்த எடுப்பில் அவர் போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார்: "எல்லையில் பஸ் மாறுவதற்குக் குழு ஏகமனதாகச் சம்மதித்தது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழும்பினேன்.

"ஆர் ஐயா சம்மதிச்சது?"

"எல்லாரும்தானே ஓம் ஓம்னு சொன்னீங்க, டீச்சர்?"

"அது காது குடுத்துக் கேக்கிறம் எண்ட ஓம். சம்மதம் எண்ட ஓம் இல்லை."

பக்கத்திலிருந்த வல்வெட்டித்துறை மீன் வியாபாரி அண்ணை, "விடுங்கோ ரீச்சர், இனி மாத்தேலாது" என்று கிசுகிசுத்தார். விடுவதாவது! எல்லைக்கோடு அரசாங்கக் கந்தோர்க் கோப்புகளுக்குத்தான், எங்களுக்கில்லை, பஸ் பளை வரைக்கும் ஓடத்தான் வேணும் என்று தலைவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டி, "சரி... சரி..." என்றார்.

"சரி எண்டிட்டியள். அப்ப அதையும் எழுதுங்கோ, தலைவர் சம்மதிச்சிட்டார் எண்டு."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் பேனையை எடுக்கவில்லை.

"இது ஆலோசனை மட்டும்தான் டீச்சர். முடிவு மேலேயிருந்துதான் வரும். உட்காருங்க."

"முடிவு வரட்டும். என்ரை பேரிலை பொய் வரக்கூடாது. முதல்லை அந்த வசனத்தை வெட்டுங்கோ. பிறகு இருக்கிறன்."

சிரிப்பு அடங்கிவிட்டது. செயற்கைக்கால் பொருந்துகிற இடத்தில் எரியத் தொடங்கியிருந்தது. மேசையைப் பிடித்திருக்கலாம். வீம்புக்குப் பிடிக்காமல் நின்றேன். அவர் வெட்டிய பிறகுதான் இருக்கையில் இருந்தேன்.

மேலேயிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. நாளைக்கு என்னை எல்லையில் இறக்கிவிட்டாலும் விடட்டும். நானே ஓமென்று இறங்கியதாக மட்டும் ஒருவரும் சொல்ல முடியாது.