நாலேகால் மௌனம்

மைசூரில் உட்கார்ந்தபடியே கடலில் கப்பல்களைக் காப்பாற்றிய ஒரே பெண் பத்மாஸினிதான். ஒரே பெண் என்பது சற்று அதிகம். காப்பாற்றினாள் என்பதும் அதிகம். அவள் கடலைப் பார்த்ததே கிடையாது. ஆனால் கப்பலில் கம்பியில்லாத் தந்தி வேலை பார்த்த திருநாராயணனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அதுகூட நாலேகால் மணியின் உபயம்.

1951இல் அவன் பெண் பார்க்க வந்தான். கூடத்தில் உறவு மொத்தமும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தது. கடல் தாண்டி, யார் யார் சமைத்ததையோ சாப்பிடுகிறவனுக்குப் பெண் கொடுக்க அப்பா கேசவமூர்த்திக்கு அரைமனசு. அவளுக்கோ முழு மனசு: நடுக்கடலில் கம்பி ஏது, சேதி எதில் ஏறிப் போகிறது என்று அவனிடம் கேட்டே ஆகவேண்டும். கதவிடுக்கில் காத்திருந்தாள்.

"கப்பல்லே உமக்குத் தளிகை யார் பண்றா?" என்றார் அப்பா.

அவன் பதில் சொல்லவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலேகால். கூடமே அடங்கிப்போயிற்று.

"ஏன் ஸ்வாமி, காது கேக்கலையோ?" அப்பா எழுந்திருக்கப் போனார்.

அப்போது கொல்லைப்புறத்தில் 'டொக் டொக்' என்று மெல்லிய சத்தம். பத்மாஸினி ஓடினாள். குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி, அத்தை ஸரஸா அரைமணியாக உள்ளே கிடந்தாள்.

"கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு. உங்க கூச்சல்லே யாருக்குக் கேக்கும்?" என்று ஈரத்தலையோடு கூடத்துக்கே வந்துவிட்டாள் அத்தை.

"சமுத்திரத்திலேயும் இதேதான் மாமா," என்று வாயைத் திறந்தான் திருநாராயணன். "முன்னெல்லாம் முழுகற கப்பல் வாணம் விடணும். கண்ணுக்கெட்டின தூரத்திலே யாராவது இருந்தாத்தான் உண்டு. இப்ப தந்தி நூறு மைல் போறது. ஆனா எல்லாக் கப்பலும் ஒரே அலையிலே பேசினா, ஈனஸ்வரத்திலே கூப்பிடறது காதிலே விழுமோ? அதனாலே மணிக்கு ரெண்டு தடவை, காலுக்கும் முக்காலுக்கும், மூணு நிமிஷம் அந்த அலையிலே யாரும் பேசப்படாது. கேக்கறது மட்டுந்தான். கரையிலேயும் அந்தப் பழக்கம் விடலை."

"நீங்க ஏதாவது கேட்டிருக்கேளா?" பெண்ணே கேட்டுவிட்டாள்.

"ஒரு தடவை. பதினோரு பேர். எல்லாரும் கரை ஏறிட்டா."

அப்பா தங்கையின் ஈரத்தலையைப் பார்த்தார். சமையல்காரன் யார் என்ற கேள்வி மறந்துபோயிற்று. தாம்பூலத் தட்டு வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு பத்மாஸினி அதே சுவர்க் கடிகாரத்தில், காலிலும் முக்காலிலும், குங்குமம் இட்டாள். அந்த மூன்று நிமிஷம் கறிகாய்க்காரி சித்தம்மாகூட விலை சொல்லமாட்டாள். வந்தவர்களிடமெல்லாம் பத்மாஸினி இந்தக் கதையைச் சொல்வாள். லீவில் வந்திருந்த திருநாராயணன் ஒருநாள் பேப்பரை மடித்து வைத்தான்.

"அந்தக் கடிகாரம் பத்து நிமிஷம் வேகம், பத்மா. என் கைக்கடிகாரத்திலே அன்னிக்கு நாலு அஞ்சுதான். தளிகை பண்றவன் யாருன்னு உங்கப்பாகிட்டே சொல்லப் பயந்துண்டு பேசாம இருந்தேன்."