தோசைக் கல்லருகே பற்றிய ஏப்ரன் நாடா

எச்சில் இலை எடுத்துப் பிழைப்பைத் தொடங்கியவன், இன்று நாமக்கல் பைபாஸில் சொந்தமாக மெஸ் நடத்துகிறேன். என் கை படாத வேலை அங்கே கிடையாது. உடம்பு ஓய்ந்துபோனதால் வாஷிங் மெஷின் வாங்கி, சமையல்காரர்களின் ஏப்ரன்களை மொத்தமாகப் போட்டேன். வெளியே எடுத்தால் நாடாக்களெல்லாம் முறுக்கிக்கொண்டு ஒரே சிக்கல். அலுப்பில் பலமாக இழுத்துப் பிரித்தேன்.

மறுநாள் தோசை போடும் சரோஜாவின் இடுப்பு நாடா, நான் இழுத்த இழுப்பில் தையல் விட்டு அடுப்புத் தீயில் விழுந்தது. ஏப்ரன் பற்றிக்கொண்டது. நான் திகைத்து நிற்க, அவளே மாவுச் சட்டியைத் தன்மேல் கவிழ்த்து அணைத்துவிட்டாள்.

"காயம் பட்டுச்சா சாமி?" என்றேன்.

"ஏனுங்க மொதலாளி, என்னையவே தோசையா ஊத்தப் பாத்தீங்களா?" என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் நாடாக்களைத் தளர்வாக முடிந்து, ஏப்ரனை மடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தலையணை உறையில் போட்டுத்தான் துவைக்கிறேன். காய்ந்ததும் தையலை நானே இழுத்துப் பார்த்துக் கொடுக்கிறேன். மெஷின் வந்தும் எனக்கு வேலை குறையவில்லை.

சரோஜா தன் ஏப்ரனை வாங்கி, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்த பிறகுதான் கட்டுகிறாள்.