பிரேக் நன்றாகத்தான் இருந்தது

கார்ப் பந்தயத் திடலில் அவனுக்கு எமகாதகன் என்று பெயர். சும்மா வைத்த பெயரில்லை. நேர்ப்பாதை முடிகிற இடத்தில், தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில், பாதை சடாரென்று திரும்பும். மற்றவர்கள் பிரேக்கை மிதித்து முடித்த பிறகுதான் இவன் மிதிக்கவே தொடங்குவான். பார்ப்பவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். இவனோ இரண்டு பேரை முந்திக்கொண்டு ஒன்றும் நடக்காதவன்போல் போய்க்கொண்டிருப்பான். பத்திரிகையில் படம் வந்தது, கடைத்தெருவில் கை கொடுத்தார்கள், தலைக்கனமும் கொஞ்சம் வந்தது. வராமல் இருக்குமா?

அதே வளைவில் ஒரு நாள் வண்டி தடுப்புச் சுவரில் மோதி உருண்டது. தோள்பட்டை போயிற்று, கணுக்கால் போயிற்று. மாதக்கணக்கில் படுக்கை. எலும்பெல்லாம் நன்றாகக் கூடிவிட்டது, தாராளமாக ஓட்டலாம் என்றார் டாக்டர். கூடியது உண்மைதான். ஆனால் அந்தக் கால் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. தண்ணீர்த்தொட்டி கண்ணில் பட்டதுமே, அவனைக் கேட்காமல், அது பாட்டுக்குப் போய்ப் பிரேக்கில் உட்கார்ந்துகொண்டது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் முந்திக்கொண்டு போனார்கள்.

பயம். அந்தச் சொல்லை அவன் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. எமகாதகனுக்குப் பயம் என்றால் ஊர் சிரிக்காதா? வண்டிக்குச் சொந்தக்கார முதலாளி அன்றைக்கே இன்னொருத்தனை உட்கார வைத்துவிட மாட்டாரா? அதனால் ஷெட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் வாயில் வேறொன்று வந்தது.

"பிரேக் சரியில்ல மச்சான். பெடல் உள்ள போயிடுது."

மச்சான் அவன் மனைவியின் அண்ணன். அந்த வண்டிக்கு மெக்கானிக். முதலில் நண்பர், அப்புறம்தான் உறவு. "ரோட்டுலதான் முரடன், வீட்டுல பசு" என்று பெற்றவர்களிடம் வாதாடித் தங்கையை இவனுக்குக் கட்டிவைத்தவரே அவர்தான். ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் கோளாறு என்று ஓட்டுகிறவன் சொன்னால் மெக்கானிக் மறுபேச்சு பேசுவதில்லை. அந்த வேகத்தில் உள்ளே உட்கார்ந்திருப்பவன் அவன் ஒருத்தன்தானே. மச்சானும் பேசவில்லை. சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினார். பிரேக் பேடுகளை மாற்றினார். குழாய்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

அடுத்த பந்தயத்திலும் அதே கதை, அதே பொய். உரிந்த விரல்களைப் பார்க்க முடியாமல் இவனே போய் அவருக்கு டீ வாங்கி வந்தான். என்ன தங்கமான மாப்பிள்ளை என்றார்கள் ஷெட்டில். அந்த டீயை அவர் குடித்து முடிக்கும்வரை இவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் மச்சான் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, பெடல் எல்லா வளைவுலயும் உள்ள போகுதா, இல்ல அந்த ஒண்ணுலயா?"

"எல்லாத்துலயும்தான். நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று எரிந்து விழுந்தான்.

மச்சான் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்பானரை எடுத்துக்கொண்டு மறுபடியும் வண்டிக்கடியில் போனார்.

அந்த வருஷத்துக் கடைசிப் பந்தயத்தில் அவனுக்குப் பின்னால் யாருமே இல்லை. முதலாளி நேராக ஷெட்டுக்கே வந்துவிட்டார். "கோளாறு வண்டியிலயா, ஆளுகிட்டயா? எனக்கு இப்பவே தெரியணும்."

அவன் வாயைத் திறப்பதற்குள் மச்சான் முன்னால் வந்து நின்றார். "வண்டியிலதாங்க. நான்தான் சரியா கவனிக்கல."

"ஒருத்தன் உயிரோட விளையாடுறியா? மொதல்ல கெளம்பு!"

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு டூல்ஸ் பெட்டியின் சாவியை மேசைமேல் வைத்தார். எமகாதகன் ஹெல்மெட் வாரை மாட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றான். ஒரு வார்த்தை போதும். அது வரவில்லை. சீ, இவனும் ஒரு மனுஷனா என்று நமக்கே தோன்றுகிறது. அவனுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

அதன்பின் எந்த ஷெட்டிலும் மச்சானைச் சேர்க்கவில்லை. சொந்தத் தங்கை புருஷனையே கொல்லப் பார்த்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழப் பையோடு அவர்கள் வீட்டுக்கு வந்தார். தங்கை வா என்றுகூடச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனுக்குப் பக்கத்தில் தட்டை ணங்கென்று வைத்து அண்ணனுக்கும் சோற்றைப் போட்டாள். அவர் நாலு வாய் சாப்பிட்டிருப்பார், அவளுக்குத் தாங்கவில்லை.

"உன்னை நம்பித்தானே அண்ணா இவர் அந்த வண்டியில ஏறினாரு? உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"தப்புதாம்மா" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனிடம் திரும்பினாள். "நீங்க பெரிய மனசு பண்ணி அண்ணனை மன்னிச்சிடுங்க. தெரியாமத்தான் நடந்திருக்கும்."

மன்னிக்கச் சொல்கிறாள்! அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தட்டைத் தள்ளி வைத்தான்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். "ஆரம்பத்துலேர்ந்தே ஒண்ணுமில்ல. எனக்குத்தான் பயம். அந்த வளைவைப் பாத்தாலே கால் தானா மிதிச்சிடுது. பழியை மச்சான் தலையில போட்டுட்டுச் சும்மா நின்னேன்."

அவள் கத்தவில்லை. "உனக்குத் தெரியுமா?" என்று அண்ணனைத்தான் கேட்டாள்.

"பசிக்குதும்மா. சோத்தைப் போடு" என்றார் அவர்.

அவள் ஆறிப்போன தட்டை எடுத்துப்போய்ச் சூடாகப் போட்டுக் கொண்டுவந்து அண்ணனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"முதலாளிகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்" என்று எழுந்தான். சொன்னால் தன் பந்தயப் பிழைப்பு அன்றோடு சரி என்று தெரிந்துதான் எழுந்தான்.

மச்சான் கை கழுவிவிட்டு வந்தார். "இரு, நானே கொண்டுபோய் விடறேன். நீ ஓட்ட வேணாம்."

அவருடைய பழைய காரில் போனார்கள். அவன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தான். கடைத்தெரு முடிகிற இடத்தில் ஒரு சின்னத் திருப்பம். சைக்கிள் பழகும் பிள்ளைகள்கூடச் சாதாரணமாகத் திரும்புகிற இடம். கார் அதை நெருங்கியதும் அவனுடைய வலது கால் முன்னால் நீண்டு, வெறும் தரை விரிப்பைப் பலங்கொண்ட மட்டும் அழுத்தியது. மச்சானின் பார்வை ஒரு கணம் அந்தக் காலுக்குப் போய்விட்டுச் சாலைக்குத் திரும்பியது. அவனுக்குக் காதெல்லாம் சுட்டது.

"பிரேக்கை நான் புடிச்சிட்டேன் மாப்ள" என்றார் மச்சான். "நீ காலை எடு."

எடுக்கத்தான் பார்த்தான். கால் வரவில்லை.