கயல்விழிக்கு வைத்த ப்ளெக்ஸ்

பிள்ளைகளை வெளிநாட்டு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடும் தொழிலில், பிள்ளை விமானம் ஏறும் வரைதான் நாம் ஏஜென்ட்; ஏறிய பிறகு அதன் காய்ச்சலுக்கும் அழுகைக்கும் நாம்தான் ஜவாப்தாரி. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இருக்கிறது என் ஆபீஸ். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டும்.

ஒரு பக்கக் கட்டுரை

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மண்டி வைத்திருப்பவர், பத்தாவது முடித்த மகள் கயல்விழியைக் கூட்டி வந்தார். கனடாவில் ஒரு பள்ளி. 'இங்கே ஏன் படிக்க விரும்புகிறாய்' என்று பிள்ளை தன் கையாலேயே ஒரு பக்கம் எழுத வேண்டும்.

அவள் ஒரே வரி எழுதி நீட்டினாள்: 'எனக்கு எங்கள் வீட்டில் இருந்தபடியே படிக்கத்தான் ஆசை.' அப்பாவிடம் காட்டினேன். அவர் சிரித்தார்.

"அவளுக்கு என்னங்க தெரியும்? நீங்களே நல்லாப் பாத்து எழுதிப் போடுங்க."

எழுதிப் போட்டேன். அவளுடைய தாள் மேசை டிராயருக்குள் போனது.

ப்ளெக்ஸ்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு மார்க்கெட் வாசலில் ப்ளெக்ஸ் வைத்தார்கள். 'கனடா செல்லும் எங்கள் குலவிளக்கே!' நடுவில் கயல்விழி, தலைக்கு மேல் விமானம், கீழே மாமன், சித்தப்பன் எல்லோருடைய போட்டோக்களும் வரிசையாக. கடைசியில் நானும் இருந்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"பாதியில திரும்பி வந்தா, இத்தன பேரு மொகத்துல எப்படிங்க அங்கிள் முழிக்கிறது?"

ஞாயிற்றுக்கிழமை போன்

அந்தப் பள்ளியில் ஞாயிறு ஒரு மணி நேரம்தான் போன் கையில் தருவார்கள். வீட்டில் ஸ்பீக்கரைப் போட்டுச் சொந்தபந்தமே சுற்றி உட்காரும். அவர்களிடம் 'நல்லாருக்கேன்' என்பாள். வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அழுவாள். சோறு இறங்கவில்லை, அறையில் யாரும் பேசுவதில்லை, அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள் என்றாள்.

மண்டிக்கே போய்ச் சொன்னேன். தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"ஏனுங்க, ப்ளெக்ஸ் வச்சாச்சுங்களே. ரெண்டு வருசம்தானுங்க, பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லுங்க."

அப்படியே அவளிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிடவே இல்லை.

டிராயர்

மழைக்காலத்தில் அவள் அம்மா தனியாகப் பஸ் ஏறி வந்தார். "பாப்பா எழுதுன தாள் உங்ககிட்ட இருக்குதாமே" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தாரோ தெரியாது. எனக்கு அவமானமாக இருந்தது.

"அந்த ப்ளெக்ஸக் கழட்டித் தக்காளிப் பெட்டிக்குத்தானுங்க போத்தியிருக்கோம். அவங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். பாப்பாவ இப்ப ஊருக்கே கூப்புட்டுக்கலாங்களா?"

மறு ஞாயிறு

நானே போன் செய்து கயல்விழியிடம் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். குரலில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வேண்டாங்க அங்கிள். வீட்ட நெனைக்காம இருக்க இப்பத்தான் பழகியிருக்கேன்."

இத்தனை வருடத்தில், பிள்ளை தன் கையால் எழுதிய அந்த ஒரு தாளைத் தவிர, மற்ற எல்லாக் காகிதங்களையும் நான் தவறாமல் அனுப்பி வைத்திருக்கிறேன்.